மெல்பர்னிலிருந்து குடியாத்தம்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஒரு பொங்கல் பயணம்

எங்கள் பக்கத்தில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் இரண்டு கேள்வி வந்துவிடும். ஒன்று, எத்தனை நாள் லீவு. இன்னொன்று, எந்த ஃப்ளைட், எவ்வளவு ஆச்சு. இரண்டாவதற்கு நான் சொல்லும் பதில் என் மாமா பையனுக்குப் பிடிக்காது. "மெல்பர்ன்லருந்து கொழும்பு வழியா வரலாம், கோலாலம்பூர் வழியா வரலாம். இன்னாத்துக்கு சிங்கப்பூர்காரனுக்கே கொண்டுபோய்க் கொட்டுற?" என்பான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல சமயம் சில நூறு டாலர் வித்தியாசம் வருகிறது. குடும்பத்தோடு வந்தால் அந்த வித்தியாசத்தில் ஊரில் ஒரு காதுகுத்தே நடத்திவிடலாம்.

ஆனால் குடியாத்தத்துக்காரனுக்கு விமானப் பயணம் மீனம்பாக்கத்தில் முடிவதில்லை. சென்னைக்காரர்களுக்கு முடிந்துவிடும், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுவார்கள். நமக்கு அதற்கு அப்புறம்தான் 150 கிலோமீட்டருக்கு மேல் சாலை கிடக்கிறது. ஆற்காடு, வேலூர், காட்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் எந்த ஊரானாலும், தூரம் கொஞ்சம் முன்னே பின்னே, இதே கதைதான். அதனால் சீட் எப்படி, சோறு எப்படி என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். சென்னையில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறார்கள், பெட்டி என்னோடு வந்து சேருகிறதா, அதற்கு மேலும் மூன்று நான்கு மணி நேரம் காரில் உட்கார உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் என் கணக்கு. இந்தக் கணக்கில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸை வேறு யாரும் எனக்கு இன்னும் மிஞ்சவில்லை.

இறங்கும் நேரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் முக்கியம். வெளிநாட்டு விமானங்கள் பல, சென்னையில் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் வந்து இறங்குகின்றன. இரவு 2 மணிக்கு இறங்கினால் பாஸ்போர்ட் பார்க்கும் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் தாண்டி வெளியே வர 3 மணி ஆகிவிடும். அழைத்துப்போக வந்த டிரைவர் முந்தின நாள் சாயங்காலமே ஊரில் கிளம்பி, வண்டிக்குள் கொசுக்கடியில் புரண்டுவிட்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

நான் போனபோது இருந்த ஏற்பாடு இது: மெல்பர்னில் நள்ளிரவை ஒட்டி ஏறினால் விடியற்காலையில் சிங்கப்பூர், அங்கிருந்து காலை விமானம், சென்னையில் பத்து மணிக்குள் தரை. பகலில் ஏறினால் சென்னையில் இரவு பத்து மணி வாக்கில் இறங்கலாம். இரண்டில் காலையில் இறங்குவதைத்தான் நான் தேடி எடுப்பேன். பகல் வெளிச்சத்தில் பயணம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு, சாயங்காலம் வரை கண்ணைத் திறந்து வைத்திருந்தால் ராத்திரி ஊர் நேரத்துக்கே தூக்கம் வந்துவிடும். காரே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், சென்ட்ரலிலிருந்து காட்பாடி. பெங்களூரு, கோவை, மங்களூரு என்று மேற்கே போகும் வண்டிகளில் பெரும்பாலானவை காட்பாடியில் நிற்கும். கையில் ஒரே பெட்டி என்றால் நான் அப்படியே போவேன். விமான நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

டிக்கெட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றும் இல்லை. எகானமியிலேயே லைட், வேல்யூ என்று தட்டுத் தட்டாக வைத்திருக்கிறார்கள். மலிவான தட்டில் 25 கிலோ பெட்டி; சீட்டை முன்கூட்டித் தேர்வு செய்ய வேண்டுமானால் தனிக் காசு. கையில் எடுத்துப் போவது 7 கிலோ. ஜனவரியில் மெல்பர்னில் கோடை விடுமுறை, இங்கே பொங்கல். இரண்டும் சேர்ந்தால் விலை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். இந்த முறை நான் மட்டும் போய், திரும்பும்போது அம்மாவை அழைத்து வருவதாக ஏற்பாடு.

மெல்பர்ன் – சிங்கப்பூர் ஏறக்குறைய எட்டு மணி நேரம். எனக்கு வாய்த்தது ஏர்பஸ் ஏ350. இந்த விமானத்தில் உள்ளே காற்றழுத்தத்தை ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். கேட்க அற்ப விஷயமாக இருக்கும். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதில் அந்த வித்தியாசம் தெரியும். இன்ஜின் சத்தமும் குறைவு. எகானமியில் மூன்று மூன்றாக ஒன்பது சீட். ஜன்னலோரம் ஆசையாக இருந்தாலும், நடுவில் எழுந்து நடக்க வேண்டிய வயது வந்துவிட்டதால் இப்போதெல்லாம் நடைபாதை ஓரம்தான்.

நான் அசைவம் சாப்பிடுகிறவன். ஆனாலும் இந்த இரவு விமானத்தில் இந்தியச் சைவ உணவைத்தான் முன்பதிவு செய்வேன். புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விசேஷ உணவு கேட்டவர்களுக்கு, பொது வண்டி வருவதற்கு முன்பே தட்டு வந்துவிடும். மற்றவர்கள் கோழியா மீனா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் சாப்பிட்டு முடித்து, தட்டை நீட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வேன். நள்ளிரவில் அந்த முக்கால் மணி நேரத் தூக்கம் பெரிய விஷயம். என்ன, எந்த நாட்டு விமானமானாலும் இந்தியச் சைவம் என்றால் பன்னீருக்குத் தப்ப முடியாது. விமானச் சமையல்காரர்களுக்கு வத்தக்குழம்பை யாராவது அறிமுகப்படுத்தினால் தேவலை.

பணிப்பெண்களின் அந்தப் பூப்போட்ட கெபாயா உடையை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மெய்ன் 1968இல் வடிவமைத்தது. அதன் நிறம் பதவியைக் காட்டும் என்பது பலருக்குத் தெரியாது. நீலம் கீழ்ப்படி, பச்சை அதற்கு மேல், சிவப்பு அதற்கும் மேல். ஏதாவது சிக்கல் என்றால் நான் சிவப்பைத்தான் தேடுவேன். நீலம் உடுத்திய பிள்ளைகளும் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் சிவப்பிடம்.

இந்தோனேசியாவுக்கு மேலே வரும்போது விமானம் ஆடியது. சீட் பெல்ட் விளக்கு எரிந்ததும் தேநீர் வண்டியை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார். எனக்கு அதில் திருப்திதான். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த இதே நிறுவனத்தின் விமானம் மியான்மருக்கு மேலே காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி, பாங்காக்கில் இறக்கப்பட்டது. ஒரு பயணி இறந்தார், பலருக்குக் காயம். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் முட்டினார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் விதியை இறுக்கியது: விளக்கு எரியும்போது சூடான பானமும் இல்லை, சாப்பாடு பரிமாறுவதும் இல்லை. தேநீர் அரை மணி தாமதமாக வரட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நான் தூங்கும்போதும் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்வேன். அப்படிப் போட்டால் சரிபார்க்க நம்மை எழுப்ப மாட்டார்கள்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விடியற்காலை. இறங்கும் முனையத்திலிருந்து ஏறும் முனையத்துக்கு ஸ்கைட்ரெய்ன் ஓடுகிறது, சில நிமிஷம்தான். 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும், விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் கட்டடத்து அருவியைப் பார்க்கக் குடியேற்றம் தாண்டி வெளியே போக வேண்டும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் அதற்கு ஓடுவது வீண் வேலை என்பது என் கருத்து. முகம் கழுவி, காபி குடித்து, ஊர்க்காரர்கள் கேட்ட கோடாலித் தைலத்தை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட வேண்டும். இங்கே பாதுகாப்புச் சோதனை அந்தந்த கேட் வாசலில்தான் நடக்கும், எனவே தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சென்னை கேட்டை எண் பார்த்துத் தேட வேண்டியதே இல்லை. நாடா சுற்றிய அட்டைப் பெட்டிகளும், முஸ்தஃபா கடைப் பைகளும், மல்லிகைப்பூ வைத்த ஒரு பாட்டியும் இருந்தால் அதுதான்.

சென்னை விமானத்தில் ஏறியதும் அறிவிப்பு தமிழில் வந்தது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று, அதில் வியப்பில்லை. ஆனால் அதன் பலன் எனக்கு அடுத்த சீட்டில் தெரிந்தது. நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பையன், கட்டுமான வேலையில் இருக்கிறான், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாக வருகிறான். முந்தின நாள் வேலை முடித்து நேராக விமான நிலையம் வந்தவன், சாப்பிடவே இல்லை. அவனைப் பார்த்துவிட்டு ஒரு பணிப்பெண் தமிழிலேயே "தம்பி, சாப்பிட்டீங்களா? இன்னொரு தட்டு தரட்டுமா?" என்று கேட்டார். சிங்கப்பூர்த் தமிழ், நம் காதுக்குக் கொஞ்சம் பாடுவதுபோல இருக்கும். பையன் இரண்டு தட்டு சாப்பிட்டான். இப்படி ஒன்றைக் கட்டண அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொரு சௌகரியம் வைஃபை. 2023 ஜூலையிலிருந்து, இந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் உறுப்பினராக இருந்தால் எகானமிப் பயணிக்கும் இலவசம். உறுப்பினர் ஆவதற்கும் காசு இல்லை. வங்காள விரிகுடாவுக்கு மேலிருந்து மாமா பையனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன், இத்தனை நிமிஷம் தாமதம் என்று. அவன் வாலாஜாபேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவசரமில்லை என்று இன்னொரு டீ சொல்லியிருக்கிறான். டிரைவரை மணிக்கணக்காகக் காக்க வைத்த பழைய காலம் இனி இல்லை.

சென்னையில் 2023இல் திறந்த புதிய முனையம் பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறது. தூண்களிலும் கூரையிலும் கோலமும் கோபுரமும் தெரிகிறது. குடியேற்றத்தில் இப்போது விரைவு வாயில் வசதி வந்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் முன்பே இணையத்தில் பதிந்து, கைரேகை கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்காமல் தானியங்கி வாயிலில் போகலாம். டெல்லியில் 2024இல் தொடங்கி 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. வருஷா வருஷம் வருகிறவர்கள் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள்.

பெல்ட்டில் என் பெட்டி வந்தது. இதை ஒரு செய்தியாகச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். சில வருஷம் முன்பு வேறொரு நிறுவனத்தில், வேறொரு ஊர் வழியாக, விலை மலிவு என்று வந்தேன். இறங்கியது விடியற்காலை. பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது, பெட்டி இல்லை. நடுவழி ஊரிலேயே தங்கிவிட்டது. சென்னையிலேயே வீடு இருக்கிறவனுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். நமக்கு அப்படியில்லை. "வந்ததும் போன் பண்றோம் சார், வந்து எடுத்துக்குங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர், ஏதோ நான் பல்லாவரத்தில் குடியிருப்பதுபோல. குடியாத்தத்திலிருந்து போய் வர ஒரு நாள், டீசல், டோல் எல்லாம் யார் தலையில்?

அன்று கற்றது இன்றைக்கும் உபயோகம். பெட்டி வரவில்லை என்றால் சுங்கத்தைத் தாண்டி வெளியே வரும் முன்பே அந்த நிறுவனத்தின் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டை எழுதி வாங்கிவிட வேண்டும். அதில் ஒரு கோப்பு எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டு விலாசம் என்ற இடத்தில் சென்னைச் சொந்தக்காரர் விலாசத்தைப் போடாமல் ஊர் விலாசத்தையே போட வேண்டும், கதவு வரை கொண்டு தரும்படி கேட்க வேண்டும். 1999ஆம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி தாமதமாக வந்த பெட்டிக்கு, கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். உடைந்து வந்திருந்தால் 7 நாளுக்குள். ஈட்டுத் தொகையின் உச்சவரம்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு); நம் ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவ்வளவும் தந்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, நஷ்டத்தை ரசீதோடு காட்ட வேண்டும். நான் குடியாத்தம் பஜாரில் வாங்கிய சட்டை, பனியன், பல் துலக்கும் பிரஷ், இரண்டு கைலி எல்லாவற்றுக்கும் பில் கேட்டேன். கைலி நெய்கிற ஊரில் கைலிக்குப் பில் கேட்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன். கடைக்காரர் என்னை வருமான வரிக்காரனோ என்று பார்த்தார். பணம் கடைசியில் வந்தது, கடிதம் மேல் கடிதம் போட்ட பிறகு. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த, தங்கை மகள் மஞ்சள் நீராட்டுக்கு வாங்கிய உடை விசேஷம் முடிந்துதான் வந்தது. அதற்கு எந்த உடன்படிக்கையில் ஈடு?

அதற்கு அப்புறம் சில நூறு டாலர் கூடுதல் என்பதை நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

சாலைக்கு வருவோம். விமான நிலையத்திலிருந்து எங்கள் ஆட்கள் பல்லாவரம், குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். கம்பெனி ஷிஃப்ட் மாறும் நேரமாக இருந்தால் ஸ்ரீபெரும்புதூரிலேயே பொறுமை போய்விடும். அங்கிருந்து வாலாஜா வரை சாலையை அகலப்படுத்தும் வேலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. சாலை இருந்த இருப்பைப் பார்த்து 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே, மதுரவாயல் – வாலாஜா பகுதியில் பாதிச் சுங்கக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. வாலாஜா தாண்டினால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இடப்பக்கம் ஆற்காடு, பாலாறு, மணல். வேலூர்க் கோட்டையை உள்ளே விட்டுவிட்டு நேராகப் பள்ளிகொண்டா, அங்கே வலப்பக்கம் திரும்பினால் எங்கள் ஊர்.

வாடகைக் காருக்கு ஒரு வார்த்தை. ஒருவழிக் கட்டணம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், டோல், பார்க்கிங், டிரைவர் படி எல்லாம் சேர்த்தா என்று முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர், பெயர் வேண்டாம், வாலாஜா டோலில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திக்கொண்டு புதுக் கணக்கு சொன்னார்.

வேலூரிலேயே விமான நிலையம் வரப்போகிறதே என்று கேட்பீர்கள். அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது, சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பெயர் இருக்கிறது, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு செய்தியும் இருக்கிறது. வந்தாலும் சின்ன விமானம்தான் வரும். எனக்கு அதைவிட அந்த நெடுஞ்சாலை வேலை முடிந்தால் போதும்.

இனி அம்மா கதை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், வேலூர் சி.எம்.சி.யில் காட்டுகிறோம். படி ஏறுவார், ஆனால் நீள நடக்க முடியாது. சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்கிறேன் என்றதும் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னா கால் இல்லாதவளா? நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பாங்க?" சாங்கியில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட் எவ்வளவு தூரம் என்பதை, எங்கள் தெருவிலிருந்து நெல்லூர்ப்பேட்டை ஏரிக்கரை வரை என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

நாற்காலியில் மூன்று வகை உண்டு, எல்லா நிறுவனத்துக்கும் பொது. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி. என்றால் சீட் வரை தூக்கித்தான் விட வேண்டும். டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள் சில சமயம் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுகிறார்கள். அம்மாவுக்கு முதல் வகை. குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும், காசு கிடையாது.

திரும்பும் விமானம் இரவு பதினொன்றை ஒட்டி. பகல் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். மாமா பையன் "இம்மாம் சீக்கிரமா?" என்றான், ஸ்ரீபெரும்புதூரில் நின்ற நேரத்துக்கு அவனே வாயை மூடிக்கொண்டான். சென்னையில் கவுன்டரிலிருந்து நாற்காலியோடு வந்த தம்பி அரக்கோணத்துப் பையன். ஐந்து நிமிஷத்தில் அம்மா அவன் குலம் கோத்திரம் முதல் கல்யாணப் பேச்சு வரை விசாரித்துவிட்டார். குடியேற்றத்தில் தனி வரிசை, பாதுகாப்புச் சோதனையில் தனி வரிசை, துணைக்கு வந்த எனக்கும் அதில் இடம். நாலு பேர் பார்த்தார்கள்தான். பொறாமையோடு பார்த்தார்கள்.

விமானத்தில் அம்மாவுக்குப் பிடிக்காதது குளிர். பிடித்தது, மாத்திரை போட வெந்நீர் கேட்கும்போதெல்லாம் முகம் கோணாமல் கொண்டுவந்து தந்தது. "அந்தப் பச்சப் பொடவைக்காரப் பொண்ணு நம்ம வூட்டுப் பொண்ணாட்டம் கீது" என்று சான்றிதழ் கொடுத்தார். வீட்டில் கட்டிய புளிச்சோற்றைச் சிங்கப்பூர் போவதற்குள் இருவரும் தீர்த்தோம். சாங்கியில் நாற்காலிப் பயணிகளை உட்கார வைக்கத் தனி இடம் இருக்கிறது; அங்கிருந்து அடுத்த கேட்டுக்கு வேறொருவர் வந்து அழைத்துப் போனார். எட்டு மணி நேரப் பகல் பயணத்தில் அம்மா தூங்கவே இல்லை. திரையில் விமானம் ஊரும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப எந்த ஊரு மேல போறோம்?" என்று கேட்டபடி வந்தார். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி ஜன்னலில் செம்மண்ணாக விரிந்தபோது, "ஒரு வீடு கூட காணோமே, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்றார். பதில் சொல்லவில்லை.

மெல்பர்னில் இறங்கியதும் ஒரு எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுப் பொருள் கொண்டு வந்தால் வருகை அட்டையில் ஆமாம் என்று குறிக்க வேண்டும். மறைத்தால் அபராதம், அதுவும் சாதாரண அபராதம் இல்லை. மோப்பம் பிடிக்க லாப்ரடார் நாய்கள் வேறு சுற்றும். பால் பண்டத்துக்கும் விதைக்கும் கெடுபிடி அதிகம். அதனால் ஆற்காடு மக்கன் பேடாவை ஊரிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டோம். என் மனைவி கேட்டிருந்தாள், கிடைக்காது என்று போனிலேயே சொல்லியாயிற்று. இலவம்பாடி முள்ளுக்கத்தரி விதையை அம்மா முந்தானையில் முடிந்து வரப் பார்த்தார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரி அது. ஆனால் மெல்பர்ன் அதிகாரிக்கு அது வெறும் விதை. கிளம்பும்போதே முடிச்சை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். சாம்பார்ப் பொடியையும் மஞ்சள் தூளையும் காட்டினோம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். மாத்திரைகளுக்கு சி.எம்.சி. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் கையில் இருந்தது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை, சீட்டோடு கொண்டு வரலாம்.

இப்போது அம்மா மெல்பர்னில் இருக்கிறார். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரில் இருந்தே தீர வேண்டும் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அதில் பேச்சே இல்லை. எனக்கு அப்போது லீவு கிடையாது, தனியாகத்தான் போக வேண்டும். கேட்டுக்கு கேட் கொண்டுபோய் விடவும், நடுவழியில் தமிழில் ஒரு வார்த்தை கேட்கவும் ஆள் இருக்கிற விமானமாக இருக்க வேண்டும் என்பதால் அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸில், சென்னையில் காலையில் இறங்கும்படி டிக்கெட் போட்டிருக்கிறேன். மாமா பையன் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். சக்கர நாற்காலி இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் இந்த வாரம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.